இருநூற்று நாற்பது தார்ப்பாய்

மழை ஐப்பசி மூன்றாம் தேதி பிடித்துக்கொண்டது. கமிட்டி நான்காம் தேதி காலையே கூடிவிட்டது. சுறுசுறுப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கமிட்டியின் முழுப் பெயர் சர்வதேச நிவாரண இணைப்புக் குழு, தாம்பரம் கிளை. கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஓர் ஓட்டுக் கட்டடம். முன்னால் மைதானம், பின்னால் கிடங்கு. உலகத்தில் எங்கே கேடு வந்தாலும் எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் கம்பளியாக அனுப்பிவிடுகின்றன. கம்பளி குவிந்த இடத்தில் சோறு இல்லை, சோறு குவிந்த இடத்தில் பாத்திரம் இல்லை. இதைச் சீர்படுத்த ஐரோப்பாவில் ஒரு தலைமையகம் ஏற்பட்டது. அதற்கு ஊர் ஊராகக் கிளைகள். தாம்பரம் கிளைக்கு வயது இரண்டு. இந்த இரண்டு வருஷத்தில் ஒரே இடத்துக்கு ஒரு பொருள் இரண்டு முறை போய்விடாமல் அது கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது. ஒரு முறையும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

ஏசுபாதம் அங்கே டைப்பிஸ்ட். பதினான்கு மாதமாகத் தற்காலிகம். கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் எழுதி, டைப் அடித்து, தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். குறிப்புகள் அங்கே பிடித்துப்போனால் வேலையை நிரந்தரம் செய்வதாகத் தலைவர் சொல்லியிருந்தார். ஆகவே அவன் ஒரு வார்த்தையும் விடாமல் எழுதுவான். புரிந்துகொள்ள வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அன்று கூட்டம் தொடங்கிய அரை மணியில் ஒரு பெண்பிள்ளை உள்ளே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். புடவையைப் பிழிந்துவிட்டு வந்திருந்தாள். பெயர் கிளியம்மாள்.

"சிட்லபாக்கம் ஏரிக்கரைலேர்ந்து வரேன் சார். முப்பத்தெட்டு வூடு. எல்லா வூட்லயும் தண்ணி. கூரை பிச்சிக்கினு பூட்ச்சி. எம் பொண்ணு கங்கையம்மா பெத்துப் பதினோரு நாளு ஆவுது. கொழந்தய மடியில வெச்சிக்கினு கரை மேல குந்திகினு கீது. இங்க தார்ப்பாய் கீதாமே."

செயலாளர் ஜீவரத்தினம் நிமிர்ந்தார். ரயில்வேயில் சரக்குப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சரக்கையும் இருந்த இடத்தை விட்டு நகராமல் வைத்திருக்கும் அனுபவம் அவருக்கு உண்டு.

"யார் சொன்னது?"

"லாரிலேர்ந்து எறக்குனதே எங்க ஆளுங்கதான் சார். இருநூத்தி நாப்பது. பச்சப் பாயி."

"இருக்கறது வேற. கிடைக்கறது வேற."

தலைவர் டாக்டர் வேதசிரோமணி கையமர்த்தினார். அவர் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். எதையும் முதலிலிருந்து விளக்குவார்.

"இங்க பாரும்மா. பாய் அனுப்பினது ஒரு நாடு. அதைக் கட்டக் கயிறு அனுப்பினது இன்னொரு நாடு. கம்பம் மூணாவது நாடு. எப்படிக் கட்டறதுன்னு புஸ்தகம் நாலாவது நாடு. நாலு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் கொடுக்கலாம். அதுக்குப் பேர்தான் கோஆர்டினேஷன். இல்லேன்னா என்ன ஆகும்? ஒரே ஆளுக்கு ரெண்டு பேர் உதவி பண்ணிடுவாங்க."

"ஒர்த்தரும் பண்லியே சார்."

"அது தாமதம். தாமதத்தை மன்னிக்கலாம். டூப்ளிகேஷனை மன்னிக்க முடியாது."

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை ஏசுபாதம் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டான். பிறகு தலைவர் சொன்னபடி கிளியம்மாளை வராந்தாவில் உட்கார வைத்து ஆறு பக்கப் படிவத்தை நிரப்பினான். நான்காம் பக்கம் வரை நன்றாகவே போயிற்று.

"உங்கள் நெருக்கடி உலக அளவிலானதா?" என்று படித்தான்.

"அப்டின்னா?"

"வேற நாட்டுலயும் இதே மாதிரி தண்ணி நிக்குதான்னு கேக்கறாங்க."

"எனுக்கு எப்டி சார் தெரியும்? நான் பல்லாவரம் தாண்டிப் போனதில்ல."

'விண்ணப்பதாரரிடம் தகவல் இல்லை' என்று எழுதினான். அவள் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு, கிடங்கின் பூட்டை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

படிவம் தலைமையகத்துக்குப் போயிற்று. பதிலாகத் தலைமையகம் ஒரு மாநாட்டை அனுப்பியது. உலக நெருக்கடிகளில் உதவியை இணைப்பதை வலுப்படுத்துவது எப்படி என்பது பொருள். கார்த்திகை முதல் மூன்று நாட்கள். தலைமையகத்திலிருந்து ஹால்வர்சன் என்பவர் நேரில் வருகிறார். நான்கு நாட்டு அமைப்புகளின் ஆட்களும் வருகிறார்கள்.

இடம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சர்ச் ஹாலில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்த பூசணிக்காய்கள் அடுக்கியிருந்தன. பண்டிகை மழையால் தள்ளிப்போய்விட்டது. பூசணிக்காய்களை நகர்த்த யாரும் முன்வரவில்லை. ஆகவே மைதானத்தில் கீற்றுப் பந்தல் போட்டார்கள். மாநாட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் மழை வலுத்துப் பந்தல் மேடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

"தார்ப்பாய் இருக்கே" என்றார் ஜீவரத்தினம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விநியோகம் பண்ணக் கூடாதுன்னு நாமே தீர்மானம் போட்டிருக்கோம்."

"விநியோகம்னா வாங்கறவன் கையெழுத்துப் போடணும் சார். நாம யாரும் கையெழுத்துப் போடப் போறதில்லையே. மேல விரிக்கப் போறோம். அவ்வளவுதான்."

"அப்ப இது விநியோகம் இல்லை."

"இல்லை. சேமிப்பு. கிடங்குல மடிச்சு வெச்சிருக்கோம், இங்க விரிச்சு வெச்சிருக்கோம்."

பந்தல்காரர் சவுரிமுத்து தன் ஆட்களோடு சாயங்காலத்துக்குள் இருநூற்று நாற்பது பாயையும் கம்பம் நட்டுக் கட்டிவிட்டார். மைதானம் முழுக்கப் பச்சையாக ஒரு கூரை. கீழே தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பாய் நல்ல பாய் என்பது கமிட்டிக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ஜெபம் நடந்தது. வரவேற்புரை நடந்தது. வரவேற்றதற்கு நன்றி தெரிவிக்கும் உரை நடந்தது. ஹால்வர்சன் எழுந்து, எதிரே இருந்த நாற்காலிகளைப் பார்த்தார். இருநூறு நாற்காலி. முப்பத்தொரு ஆள். தலைமையக விதிகளில் ஒன்பதாவது, பாதிக்கப்பட்டோரின் பங்கேற்பு என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். பாதிக்கப்பட்டோர் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் நல்ல மனிதர். இரண்டு நாளாகத் தண்ணீரும் பிஸ்கோத்தும் தவிர எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏசுபாதம், சைக்கிளை எடு" என்றார் தலைவர். "ஏரிக்கரையிலிருந்து பாதிக்கப்பட்டவங்க ஒரு இருபது பேரைக் கூட்டிட்டு வா. பார்க்கப் பாதிக்கப்பட்டவங்க மாதிரி இருக்கணும்."

ஏசுபாதம் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். ஏரிக்கரையின் மேல் முப்பத்தெட்டுக் குடும்பமும் கோரைப்பாயையும் சாக்கையும் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தது. கங்கையம்மாளின் மடியில் குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அவன் விஷயத்தைச் சொன்னான்.

"அங்க கூரை கீதா?" என்று கேட்டாள் கிளியம்மாள்.

"இருக்கு."

"ஒழுவுதா?"

"ஒழுகல."

இருபது பேரை அழைத்தான். நூற்று அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். சட்டி பானையோடும் பதினேழு ஆட்டோடும் வந்தார்கள். ஜீவரத்தினம் கேட்டில் நின்று ஆடுகளை மறித்தார். ஹால்வர்சன் குறுக்கிட்டு, வாழ்வாதாரத்தைப் பிரதிநிதியிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று பதினோராம் விதியில் இருப்பதாகச் சொன்னார். ஆடுகள் உள்ளே போயின.

அன்று பிற்பகல் முழுக்க ஏசுபாதம் அட்டைகள் டைப் அடித்தான். 'பிரதிநிதி (வாக்கு இல்லை)'. குண்டூசி குத்தி எல்லார் மேலும் மாட்டினான். குழந்தைக்கும் ஒன்று. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆகவே 'பெயர் பின்னர்' என்று அடித்தான். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் பிரதிநிதிகளுக்கு டீயும் பன்னும் உண்டு. ராத்திரி பந்தலிலேயே படுத்துக்கொண்டார்கள். பிரதிநிதிகள் இரவில் எங்கே தங்க வேண்டும் என்று விதிகளில் ஒன்றும் இல்லை.

மூன்று நாளும் உரைகள் நடந்தன. ஒவ்வொரு உரை முடிவிலும் கைதட்ட வேண்டும் என்று ஏசுபாதம் சொல்லிக்கொடுத்திருந்தான். ஏரிக்கரைக்காரர்கள் உரை முடியாத இடங்களிலும் தட்டினார்கள். பேச்சாளர்களுக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் மாலை நாலரை மணிக்கு ஜீவரத்தினம் நன்றியுரைக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். சவுரிமுத்துவின் ஆள் ஒருவன் மேற்கு ஓரத்தில் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். அந்தப் பக்கம் பாய் தொங்கியது. சாரல் உள்ளே வந்தது.

"இன்னா சார், கயித்த அவுக்கறான்?" என்று கிளியம்மாள் ஏசுபாதத்திடம் கேட்டாள்.

"மாநாடு முடியப் போவுதும்மா. முடிஞ்சதும் பாயெல்லாம் கிடங்குக்குப் போயிடும்."

"நாங்க?"

அவன் கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினான். "பிரதிநிதிகள் கேள்வி கேட்டா அதுக்குப் பதில் சொல்லாம மாநாட்டை முடிக்கக் கூடாது. பதினாலாம் விதி. கேள்வி ஒண்ணும் இல்லேன்னா நன்றியுரை. அதோட முடிஞ்சுது."

தலைவர் மைக்கில், "கேள்வி ஏதும் உண்டா?" என்றார். அது மாமூலாகக் கேட்பது. கேட்டுக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கிளியம்மாள் கையைத் தூக்கினாள்.

"மூணு நாளா சொல்லிக்கினே கீறீங்களே சார், ஒருங்கிணைப்பு ஒருங்கிணைப்புன்னு. அப்டின்னா இன்னா?"

தலைவர் முகம் மலர்ந்தது. முப்பது வருஷம் வகுப்பு எடுத்தவர். யாரும் அவரை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இரண்டு மணி நேரம் விளக்கினார். அவர் முடித்ததும் பாய் அனுப்பிய நாட்டின் ஆள் எழுந்து, தங்கள் அமைப்பு அந்த வார்த்தையை அந்த அர்த்தத்தில் பயன்படுத்துவதில்லை என்றார். கயிற்று நாட்டின் ஆள் அதை வன்மையாக ஆட்சேபித்தார். ஹால்வர்சன் தலைமையகத்தின் விளக்கத்தைப் படித்தார். அதில் அந்த வார்த்தையே இல்லை. மாநாடு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. பிறகு இன்னும் மூன்று நாள்.

சவுரிமுத்துவின் ஆள் கயிற்றைத் திரும்பக் கட்டினான்.

ஏரிக்கரைக்காரர்களுக்கு வேலை அதிகம் இல்லை. நாளைக்கு ஒரு கேள்வி போதும் என்று கண்டுகொண்டார்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டால் மீதியை மேடையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ராத்திரிச் சோற்றின்போது மறுநாள் யார் முறை என்று பேசிவைத்துக்கொள்வார்கள். ஏழாம் நாள் ஜெயவேலுவின் முறை. அவன் கிணறு வெட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். எழுந்து நின்று மேலே காட்டினான்.

"பாயி ஒர்த்தரது. கயிறு இன்னொர்த்தரது. முடிச்சு யாருது சார்?"

மேடையில் கயிற்று நாட்டின் ஆள் பாய் நாட்டின் ஆளைப் பார்த்தார்.

அன்று மாலை முடிச்சு உபகமிட்டி அமைக்கப்பட்டது. அது ஆறு நாள் உட்கார்ந்தது. கயிறு இல்லாமல் முடிச்சு இல்லை என்றது ஒரு தரப்பு. பாயின் ஓரத்தில் துளை இல்லாவிட்டால் கயிற்றை எதில் முடிவது என்றது மற்றது. புத்தகம் அனுப்பிய நாடு, முடிச்சு தங்கள் அறிவுச் சொத்து, இருபத்திரண்டாம் பக்கத்தில் படத்தோடு இருக்கிறது என்றது. சவுரிமுத்து சாட்சியாக அழைக்கப்பட்டார்.

"இருபத்திரண்டாம் பக்கத்தில் உள்ளபடிதான் கட்டினீரா?" என்று கேட்டார் ஜீவரத்தினம்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது சார். அவுராத மாதிரி கட்டுன்னீங்க. கட்னேன்."

இருபத்திரண்டாம் பக்கத்து முடிச்சை உபகமிட்டியே ஒரு நாற்காலிக் காலில் கட்டிப் பார்த்தது. மூன்று முறையும் அவிழ்ந்துவிட்டது. கடைசியில், பந்தலில் உள்ள முடிச்சுகள் எந்த நாட்டுடையதும் அல்ல, ஆகவே எந்த நாடும் அவற்றுக்குப் பொறுப்பாகாது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஹால்வர்சன் எழுந்து நின்று கைதட்டினார். பத்து வருஷத்தில் நான்கு நாடுகளும் ஒத்துக்கொண்ட முதல் தீர்மானம் அதுதான் என்றார்.

ஏசுபாதம் எல்லாவற்றையும் எழுதினான். டைப்ரைட்டர் ரிப்பன் மூன்று தீர்ந்தது. சிட்லபாக்கத்துக் குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. அதைக் குறிப்பில் எங்கே சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பதினாலாம் நாள் கணக்கெடுப்பு அறிக்கை வந்தது. சுப்பராயலு தயாரித்தது. அவர் கமிட்டியின் கணக்கெடுப்பு அதிகாரி. மாநாட்டுக்கு வராமல் குடையும் படிவங்களுமாக ஏரிக்கரையை நான்கு நாள் சுற்றியவர். ஒழுங்கான மனிதர். மைக் முன்னால் நின்று படித்தார்.

"குடிசைகள், முப்பத்தெட்டு. நீரில் உள்ளவை, முப்பத்தெட்டு. பாதிக்கப்பட்ட நபர்கள், எவரும் இல்லை. நான்கு நாளும் வெவ்வேறு நேரங்களில் சென்று பார்த்தும் ஒருவரும் தென்படவில்லை. ஒரு கோழி இருந்தது. படிவத்தில் கோழிக்கு இடம் இல்லை."

"செவப்புக் கோழியா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆமாம்."

"அது எங்களுது."

சுப்பராயலு அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அறிக்கை முடிந்தது. ஏரிக்கரைக்காரர்கள் வழக்கப்படி கைதட்டினார்கள்.

ஏசுபாதத்தின் பேனா நின்றது. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவன் கூட்டத்தின் நடுவே எழுந்தான்.

"சார், அந்தப் பாதிக்கப்பட்டவங்க இவங்கதான். இங்கதான் உக்காந்திருக்காங்க."

தலைவர் பொறுமையாகவே பேசினார். "நல்லா யோசிச்சுப் பாரு ஏசுபாதம். இவங்க நெஞ்சில என்ன எழுதியிருக்கு? பிரதிநிதி. நீதானே டைப் அடிச்சே. உதவியை இணைக்கிற மாநாட்டுல பிரதிநிதியா இருக்கறவங்களே உதவியை வாங்கறவங்களாவும் இருந்தா அது முறையா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க? தவிர, பாரு, நனையாம இருக்காங்க. நனையாதவனைப் பாதிக்கப்பட்டவன்னு எந்த நாடு ஒத்துக்கும்?"

"பந்தலைப் பிரிச்சா நனைஞ்சிடுவாங்க சார்."

"அப்ப படிவம் கொடுக்கச் சொல்லு."

ஏசுபாதம் உட்கார்ந்தான். தலைவரின் வாக்கியங்களை எழுதிக்கொண்டான். அடிக்கோடிடவில்லை.

பாதிக்கப்பட்டோர் இல்லாததால் பாய்களைத் திரும்பப் பெறுவதாகத் தலைமையகத்திலிருந்து பதினெட்டாம் நாள் தந்தி வந்தது. வேறு எங்காவது உலக அளவில் ஒரு நெருக்கடிக்கு அவை தேவைப்படும். லாரி தயார் செய்யவும். கேள்விகள் மாநாட்டின் நோக்கத்தைத் தாண்டிப் போவதால் பதினாலாம் விதி நிறுத்திவைக்கப்படுகிறது. நன்றியுரையோடு மாநாட்டை முடிக்கவும். பாதிக்கப்பட்ட ஒருவர் நன்றி சொல்வது நலம். புகைப்படம் எடுக்கவும்.

"பாதிக்கப்பட்டவங்க யாரும் இல்லைன்னு அறிக்கை போயாச்சே" என்றார் ஜீவரத்தினம்.

"உதவி வாங்க யாரும் இல்லை" என்றார் தலைவர். "நன்றி சொல்ல ஒருத்தர் வேணும். ரெண்டையும் குழப்பாதீங்க. முதல் கேள்வி கேட்டாளே, அந்த அம்மாவைக் கூப்பிடுங்க."

லாரி மத்தியானமே வந்து கேட்டில் நின்றது. மழை விடவில்லை. ஏரியில் தண்ணீர் இன்னும் குடிசைகளின் கதவு மட்டத்துக்கு இருந்தது. ஏசுபாதம் கிளியம்மாளிடம் போய்ச் செய்தியைச் சொன்னான். அவள் ஜெயவேலுவைக் கூப்பிட்டாள்.

"வானம் எப்ப வெளுக்கும்?"

ஜெயவேலு பந்தலுக்கு வெளியே தலையை நீட்டிக் கிழக்கே பார்த்தான். காற்றை மோந்தான். "நாலு நாளு. மிஞ்சிப்போனா அஞ்சு."

"ஏன் சார், நன்றி சொல்றவங்கள நடுவுல நிறுத்துவாங்களா?"

ஏசுபாதம் விதிப் புத்தகத்தைப் பார்த்தான். பிறகு மூடினான். "புஸ்தகத்துல ஒண்ணும் இல்ல. ஆனா நிறுத்த மாட்டாங்க. அது மரியாதை இல்ல."

"சரி."

மறுநாள் பத்து மணிக்கு அவள் மைக் முன்னால் நின்றாள். ஜீவரத்தினம் தன் காகிதத்தை நீட்டினார்.

"பேப்பர் வாணாம் சார். மனசுல கீது."

தலைவருக்கு நன்றி சொன்னாள். அவர் சொன்ன ஒவ்வொரு விளக்கத்துக்கும் தனித்தனியாகச் சொன்னாள். செயலாளருக்குச் சொன்னாள். வெளிநாட்டுத் துரைமார்களுக்கு, அவர்களைப் பெற்றவர்களுக்கு, அவர்கள் வந்த கப்பலுக்கு, விமானத்துக்குச் சொன்னாள். டீக்காரருக்கும் பன் போட்டவருக்கும் சொன்னாள். சர்ச் ஹாலில் இருந்த பூசணிக்காய்களுக்குச் சொன்னாள். அதுங்க அங்க குந்திகினு இல்லேன்னா இந்தப் பந்தலே வந்திருக்காது என்றாள். மணி ஐந்தாயிற்று. இன்னும் பாக்கி இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று இறங்கிவிட்டாள். புகைப்படக்காரர் படம் எடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் கம்பம், பாய், கயிறு, முடிச்சு. முடிச்சு எந்த நாட்டுடையதும் அல்ல என்று தீர்மானமாகிவிட்டதால் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை என்று நிறுத்தினாள். முடிச்சு உபகமிட்டி அவசரமாகக் கூடி, பொதுவாகச் சொல்லலாம் என்று அனுமதித்தது. அதில் ஒரு பிற்பகல் போயிற்று.

அன்று மாலை அவள் ஏசுபாதத்தின் மேசைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"பேரு தீந்துபூட்ச்சி சார். பேஜாராக் கீது. எனுக்குத் தெரிஞ்சவங்க அம்மாந்தான்."

வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. லாரி டிரைவர் முன்சீட்டில் தூங்கினான். ஏசுபாதம் தன் நிரந்தர வேலையை நினைத்தான். பிறகு பீரோவைத் திறந்து தடிமனாக ஒரு பதிவேட்டை எடுத்தான். பாய் அனுப்பிய நாட்டில் அந்தப் பாய்க்காக நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் அது. ஆயிரத்து நானூற்றுப் பதினாறு பெயர்.

மூன்றாம் நாள் காலை அவன் மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பெயராகத் தாழ்ந்த குரலில் படித்தான். அவள் அதை மைக்கில் தன் வாய்க்கு வந்தபடி சொன்னாள். பெயரோடு விடவில்லை. அவங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும், அவங்க ஊர்ல ஏரி ஒடையக் கூடாது, அவங்க கூரை பறக்கக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

முப்பதாவது பெயரில் தலைவர் ஏசுபாதத்தை ஜாடை காட்டிக் கூப்பிட்டார்.

"இந்தப் பதிவேடு இங்க எப்படி வந்துது?"

"நன்றி சொல்லணும்னா யாருக்குன்னு தெரியணுமில்ல சார்."

"முடிக்கச் சொல்லு. லாரிக்காரன் மூணு நாளா நிக்கறான்."

ஹால்வர்சன் தலைவரின் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தலைமையகம் தொடங்கிய நாளிலிருந்து வாங்கியவர்கள் யாரும் கொடுத்தவர்களின் பெயரை ஒருமுறையும் கேட்டதில்லை என்றார். சொல்லட்டும் என்றார். எழுநூற்று நான்காவது பெயர் அவருடைய சித்தியுடையது. நான்காம் நாள் மத்தியானம் அது வந்தது. கிளியம்மாள் அந்தச் சித்தியின் முட்டி வலி தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வயதானவர்களுக்கு முட்டி வலி இருக்கும் என்பது அவள் யூகம். தலைவர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஹால்வர்சன் நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு சற்று நேரம் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அதன் பிறகு நிறுத்துகிற பேச்சே எழவில்லை.

ஐந்தாம் நாள் பதினொன்றே முக்காலுக்குப் பந்தலின் கிழக்கு ஓரத்தில் ஒரு கீற்று வெயில் விழுந்தது. ஆடுகள் எழுந்து அதை நோக்கிப் போயின. ஜெயவேலு வெளியே போய் மேலே பார்த்துவிட்டு, ஏரிப் பக்கம் ஓர் ஆளை அனுப்பினான். அந்த ஆள் ஒரு மணிக்குத் திரும்பி வந்து, ஏரியின் கலங்கலில் தண்ணீர் வழிவது தணிந்துவிட்டது, குடிசைகளில் கணுக்கால் அளவுதான் என்றான். ஜெயவேலு பின்வரிசையில் நின்று தலையை ஆட்டினான்.

கிளியம்மாள் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறாவது பெயரில் இருந்தாள்.

"மீதி கீறவங்களுக்கும் சேத்து நன்றி" என்றாள். மைக்கை விட்டு இறங்கினாள்.

ஜன கண மன பாடினார்கள். ஆடுகளைத் தவிர எல்லாரும் நேராக நின்றார்கள். சவுரிமுத்துவின் ஆட்கள் முடிச்சுகளை அவிழ்த்தார்கள். நன்றாகக் கட்டிய முடிச்சு. அவிழ்க்க நேரம் பிடித்தது. இருநூற்று நாற்பது பாயும் வெயிலில் காய்ந்து, மடிக்கப்பட்டு, லாரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போயின.

தை மாதம் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. தாம்பரம் கிளையின் மாநாடு உலகக் கிளைகள் அனைத்துக்கும் மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்றும், நூற்று நான்கு பக்க நன்றியுரை தலைமையகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கிறது என்றும், ஒரு பாயும் இரண்டு பேருக்குப் போகவில்லை என்பது பாராட்டத்தக்கது என்றும் அதில் இருந்தது. குறிப்புகள் எழுதியவரை நிரந்தரம் செய்யலாம் என்றும் இருந்தது. நிரந்தரம் செய்தார்கள்.

ஆனால் மாநாடு முடிந்த அன்று மத்தியானம் ஏசுபாதத்துக்கு அதெல்லாம் தெரியாது. நன்றியுரையை வீட்டில் வைத்து அடித்து முடிக்க அவன் டைப்ரைட்டரைச் சைக்கிள் காரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஏரிக்கரைக்காரர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கங்கையம்மாளின் தோளில் குழந்தை தூங்கியது. அட்டை இன்னும் அதன் சட்டையில் குத்தியிருந்தது. எல்லாருக்கும் கடைசியில் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு கிளியம்மாள் வந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"பூசணிக்காய்க்குக்கூட நன்றி சொன்னியேம்மா" என்றான் ஏசுபாதம். "என் பேரை மட்டும் விட்டுட்டியே."

"விடல சார்" என்றாள் அவள். "எடுத்து வெச்சிருந்தேன். நாளைக்கும் மழ வந்தா வேணும்ல."